அடுத்த மழைக்குப் பேசலாம்

மார்ச் 6

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா போனதிலிருந்து மூன்று வருஷமாக உங்களுக்கு எழுதாத கை, இன்று வேலை விஷயமாக எழுதுகிறது. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்து நீங்கள் திடுக்கிடுவதைவிட என் மூலமாகத் தெரிவது நல்லது என்று தோன்றியது.

வானிலை அலுவலகத்தில், நிலையங்கள் சொல்லும் மழை அளவைக் கேட்டு எழுதும் போன் மேசையில் நான் இப்போது இல்லை. பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பது வருஷத்து மழை அளவுகளை எடுத்து வைத்து, எந்தப் பருவத்தில் மழை கூடியிருக்கிறது, எதில் குறைந்திருக்கிறது என்று கோடு போட்டுப் பார்க்கிறோம். இதை வைத்துத்தான் உங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கோடையில் எவ்வளவு குடிநீர் தேக்கி வைப்பது என்று முடிவு செய்யப்போகிறார்கள். சுற்றியுள்ள எல்லா நிலையங்களிலும் கோடை மழை வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வருகிறது. நீங்கள் அளக்கும் உங்கள் நிலையத்தில் மட்டும் தேயவே இல்லை. பதினோரு கோடைகள் ஜம்மென்று நிற்கிறது. பிறகு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாக விழுகிறது. அதற்குப் பிறகு உங்கள் கோடைகள் வெறும் பூஜ்யம்.

எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினோரு வருஷத்துக் கோடை மழையில் பாதிக்கு மேல் ஒரே அளவு. 2.8 மில்லிமீட்டர். சில நாள் 2.7. மறுபடி 2.8. மழைக்கு ஒரே அளவில் திரும்பத் திரும்பப் பெய்யத் தெரியாது அப்பா. உங்களுக்கே தெரியும்.

எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் 'குடை' என்று கூப்பிடுவோம், பன்னிரண்டு மாதமும் குடையோடு வருவார். "அளக்கப் போக சோம்பல்பட்டு உட்கார்ந்த இடத்துல எழுதியிருக்கார்மா இவரு" என்றார். இவர் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

எழுதினீர்களா? ஆமா, இல்லை என்று ஒரு வரி போதும்.

மகள்

*

மார்ச் 14

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மேலே நலம் என்று எழுதிவிட்டுக் கீழே திருடன் என்கிறாய். மூன்று வருஷம் கழித்து மகளிடமிருந்து வரும் முதல் கடிதம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது போல.

இல்லை. நான் எழுதவில்லை. மழைமானியில் இருந்ததை எழுதினேன்.

முப்பத்திநாலு வருஷமாகக் காலை எட்டரைக்கு வீட்டுக்குப் பின்னால் போய், மானியைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து எழுதியிருக்கிறேன். காய்ச்சலிலும் போயிருக்கிறேன். உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கும்போது போனேன், அதற்கு உன் மாமியார் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. சோம்பல்பட்டேன் என்று உன் குடை சொல்கிறாரா? ஒரு நாள் வந்து நின்று பார்க்கச் சொல்.

கோடை மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாது. பக்கத்து நிலையத்தில் இல்லை என்பதால் என் நிலையத்தில் இல்லை என்று ஆகிவிடுமா? இது உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மழைகள் எல்லாம் விடியற்காலை மழைகள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் பின்பக்கம் ஈரமாக இருக்கும், கொடியில் என் வெள்ளைச் சட்டை தொப்பலாகத் தொங்கும். "ராத்திரியே எடுத்து வைக்க மாட்டியா?" என்று உன் அம்மாவிடம் கத்துவேன். "மழை என்ன சொல்லிக்கிட்டா வருது?" என்பாள். சட்டை நனைந்திருக்கிறது, மானியில் தண்ணீர் இருக்கிறது. அதற்கு மேல் ஓர் ஆள் என்ன சாட்சி கொடுக்க முடியும்?

அவள் போனதோடு கோடை மழையும் போய்விட்டது. நீ கோடு போட்டுக் கண்டுபிடித்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா

*

மார்ச் 21

அப்பாவுக்கு,

உங்களைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் பேச்சை எடுத்துவிட்டீர்கள், அதனால் நானும் எடுக்கிறேன்.

அன்று காலை போன் மேசையில் நான்தான் இருந்தேன். மணி அடித்தது. எடுத்தேன். நீங்கள் நிலைய எண் சொன்னீர்கள். "பதினாலு புள்ளி ரெண்டு" என்றீர்கள். நான் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு, அதே குரலில், "அம்மா காலையில போயிட்டா" என்றீர்கள். என் கையில் பேனா இருந்தது. அதையும் அடுத்த கட்டத்தில் எழுதப்போனேன் அப்பா. பக்கத்து மேசைப் பெண்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அம்மா உள்ளே கிடக்க, மானியைப் பார்க்கப் போனீர்கள். அளந்தீர்கள். எழுதினீர்கள். எண்ணை முதலில் சொன்னீர்கள். மூன்று வருஷமாக இதை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் மழையை நீங்கள் கேட்டீர்களா? நம் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுந்தால் அடுத்த வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். உங்களுக்கு அப்போதே காது மந்தம். ராத்திரி பெய்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? சட்டையா?

இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால்தான் நம் கணக்கில் அது மழை நாள். அன்றைக்குத்தான் நீங்கள் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். உங்களுடைய 2.8 எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டி ஒட்டித் தாண்டுகிறது. குடைக்கு இதுதான் உறுத்துகிறது. சரியான விளக்கம் வராவிட்டால் முப்பத்திநாலு வருஷத்தையும் மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நம்பகமில்லாத நிலையம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்கள்.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.

மகள்

*

ஏப்ரல் 2

மகளுக்கு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

முதலில் அன்றைய காலை. உன் அம்மா ஐந்து மணிக்குப் போய்விட்டாள். எட்டரை வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. எட்டரைக்குக் கால் தானாக எழுந்து பின்னால் போயிற்று. போனை எடுத்தபோது உன் குரல் வந்தது. அந்தப் போனில் முப்பது வருஷமாக எனக்குப் பேசத் தெரிந்தது எண் மட்டும்தான். அதைச் சொல்லித்தான் தொண்டை திறந்தது. அதைச் சொல்லாமலிருந்தால் அடுத்ததும் வந்திருக்காது. உனக்கு இது பதிலாகுமா என்று தெரியவில்லை. என்னிடம் இதுதான் இருக்கிறது.

இரண்டாவது விஷயம். நீ கேட்டது சரி. நான் எந்த மழையையும் கேட்கவில்லை. எழுந்ததும் அவளிடம்தான் கேட்பேன். "ராத்திரி பெஞ்சுதா?" "பெஞ்சுதே. நீங்கதான் குறட்டையில இருந்தீங்களே" என்பாள். நம்பினேன். முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளை நம்பாமல் யாரை நம்புவது?

உன் கடிதத்தைப் படித்த பிறகு பின்னால் போய் நின்றேன். மானியைச் சுற்றிக் கம்பிவேலி, அதை ஒட்டிக் குழாய், குழாய்க்குப் பின்னால் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த பொந்து. அவள் சோப்புத் துண்டு வைக்கிற இடம். அவளுக்குப் பிறகு நான் அங்கே கை விட்டதில்லை. விட்டேன். ஒரு கப் இருந்தது. நீ சின்ன வயதில் கஷாய மருந்து குடிக்க அடம்பிடிப்பாயே, அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் கப். காது உடைந்தது.

அதில் தண்ணீர் பிடித்தேன். மானியில் ஊற்றினேன். குடுவையில் எடுத்துக் கண் மட்டத்துக்குத் தூக்கினேன்.

2.8.

மறுபடி ஊற்றினேன். 2.8. மூன்றாவது தடவை கொஞ்சம் சிந்தியது, 2.7.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் செய்தாள் என்று எனக்குப் புரியவில்லை. மானி காலியாக இருந்தால் நான் உம்மென்று இருப்பேன் என்று செய்தாளா? என்னைப் பைத்தியக்காரனாக்கிப் பார்க்கச் செய்தாளா? சட்டையைக்கூட நனைத்திருக்கிறாள். பக்கெட்டை எடுத்துச் சட்டையை முக்கிக் கொடியில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டு, நான் கத்தும்போது சிரித்திருக்கிறாள். வலிக்கிற முழங்காலோடு இருட்டில் அவ்வளவு தூரம் எதற்கு நடந்தாள்? உன்னைத் தவிர இதை யாரிடம் கேட்பேன்?

அப்பா

*

ஏப்ரல் 9

அப்பா,

அம்மா உங்களைப் பைத்தியக்காரனாக்கவில்லை.

நம் வீட்டில் இருக்கும் அந்தப் போன் சர்க்கார் போன். உங்களிடமிருந்து எங்கள் மேசைக்கு மட்டும்தான் வரும். எங்களிடமிருந்து வெளியே பேச முடியாது. என் வாடகை வீட்டில் போன் இல்லை. அம்மாவுக்கு எழுத வராது. உங்கள் கடிதங்களில் "நலம், நலமறிய ஆவல், அம்மாவும் நலம்" என்று மூன்று வரி இருக்கும். உங்களால் மானியை விட்டு ஒரு நாள் நகர முடியாது, அம்மாவால் தனியாக அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர முடியாது. மழை பெய்தால் நீங்கள் போன் செய்வீர்கள், அளவைச் சொல்வீர்கள், பிறகு அம்மாவிடம் கொடுப்பீர்கள். "ரெண்டே நிமிஷம், சர்க்கார் போன்" என்று பக்கத்தில் நின்று சொல்வது எனக்கே கேட்கும்.

மழைக்காலம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. கோடைதான். இரண்டு மாதம், மூன்று மாதம் ஒன்றுமே இருக்காது. அம்மா உங்களிடம் கேட்டிருப்பாள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நேற்று எல்லாரும் போன பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் போன் மேசையில் சேர்ந்த வருஷத்துக் கோடையில் முதல் தடவை 1.6 என்று இருக்கிறது. நாலு நாள் கழித்து 1.9. இரண்டு நாளும் நீங்கள் போன் செய்யவில்லை. "போன் பண்ற அளவுக்குப் பெய்யலையே" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் 2.8. அதற்குப் பிறகு அம்மா ஒரு தடவைகூடத் தவறவில்லை. பெரிய கப்பாகத் தேடி எடுத்திருக்கிறாள் அப்பா.

எனக்குக் கரு கலைந்ததை உங்களுக்குக் கடிதத்தில் எழுதினேனே, அந்தக் கோடை நினைவிருக்கிறதா? கடிதம் வந்து சேர்ந்திருக்கக்கூடிய நாளைக்கு மறுநாள் 2.8. இரண்டு நாள் விட்டு மறுபடி. அடுத்த வாரம் மறுபடி. "இந்த வருஷம் கோடை நல்லா இருக்கு" என்று நீங்கள் போனில் சந்தோஷமாகச் சொன்னீர்கள். பிறகு அம்மா வந்தாள். "சாப்பிட்டியா பாப்பா? இங்க நல்ல மழை. அங்க?" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், வெயில் கண்ணைக் குத்தியது. "இங்க இல்லம்மா" என்றேன். "வரும், வரும். குடை எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள் இல்லையா.

வைக்கும்போது எப்போதும் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "சரி, அடுத்த மழைக்குப் பேசலாம்." நான் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே அடுத்த நிலையத்தின் போனை எடுப்பேன். எத்தனை தடவை சொன்னாள், எனக்கு உறைக்கவே இல்லை.

அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்றைக்கு இதோடு நிறுத்துகிறேன்.

மகள்

*

ஏப்ரல் 17

மகளுக்கு,

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோடை நாட்களில் அளக்கப் போகாமல் சோம்பலால் நானே 2.8 என்று எழுதிவந்தேன், தவறு முழுக்க என்னுடையது என்று இருக்கிறது. உன் குடையிடம் கொடுத்துவிடு.

முப்பத்திநாலு வருஷமும் போகட்டும். நிலையத்தின் பெயர் கெட்டாலும் கெடட்டும். அவள் மானியில் கை வைத்தாள், கணக்கைக் கலப்படம் செய்தாள் என்று சர்க்கார் காகிதத்தில் ஒரு வரி வரக்கூடாது. அந்த வரியை யாரோ நாளைக்குப் படித்து, உன் குடை என்னைச் சொன்னது போல அவளைச் சொல்லக்கூடாது.

நான் எழுதியதில் பொய்யான தாள் இது ஒன்றுதான். இருக்கட்டும்.

அவள் கேட்டாள். நீ நினைத்தது சரி. "சும்மா ஒரு தடவ போட்டுத் தாங்களேன்" என்றாள். "மழை இல்லாம என்ன சொல்லிப் போன் பண்றது?" என்று கேட்டேன். உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு கேட்டதே இல்லை. சமத்தாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்பா

*

ஏப்ரல் 25

அப்பா,

உங்கள் தாளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் பொய் சொல்லி, அதை நான் அலுவலகத்தில் கொடுத்து, அம்மா பார்த்துக்கொண்டிருப்பாளா?

குடையிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். நிலையம் யாருடையது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். "உங்க அம்மாவா?" என்றார். "ஆமா சார்." "ரெண்டரைக்கு மேல ஊத்தணும்னு தெரிஞ்சு வச்சிருக்காங்களே" என்று சிரிக்கப்போனவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வெகு நேரம் துடைத்தார். பிறகு, "அந்த நாளுங்களை மட்டும் எடுத்துடும்மா. மத்தது நிக்கட்டும். நல்ல மனுஷன் அளந்தது" என்றார்.

எடுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். கருவிக் கோளாறு, கவனக்குறைவு, ஆவியானது என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள், எதுவும் பொருந்தவில்லை. "மழை அல்ல" என்று மட்டும் எழுதினேன். அம்மாவைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை இல்லை. பயப்படாதீர்கள்.

ஒவ்வொரு நாளாக நானே என் கையால் அடித்தேன். ஒவ்வொன்றை அடிக்கும்போதும் போனை நானே பாதியில் வைத்துவிடுவது போல இருந்தது. அந்த 1.6-ஐயும் 1.9-ஐயும் அடிக்கும்போதுதான் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு நாளும் அம்மா ஊற்றிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள், போன் வரவில்லை.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு உங்கள் நிலையத்தின் கோடையும் மற்ற நிலையங்களைப் போலவே சரிந்து இறங்குகிறது. அம்மா போனதோடு கோடை மழை போகவில்லை அப்பா. முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாக அம்மா அதை அந்த மருந்துக் கப்பை வைத்துக்கொண்டு தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

அந்த 14.2-ஐ அடிக்கவில்லை. சரிபார்த்தேன். அன்று சுற்றிலும் எல்லா இடத்திலும் பெய்திருக்கிறது. நிஜ மழை. அம்மா எதையும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை, எட்டரை வரை இருந்திருந்தால் போதும், என்னோடு பேசியிருப்பாள். நீங்கள் எண்ணை முதலில் சொன்னதை நினைத்து இனி கோபப்பட மாட்டேன். கோபப்படப் பார்த்தேன், வரவில்லை.

அந்தக் கப்பைப் பத்திரமாக வையுங்கள்.

மகள்

*

மே 19

பாப்பா,

இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. இனி அளவைத் தபாலில் அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அதனால் இதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று காலை எழுந்து பின்னால் போனேன். தரை ஈரம். கொடியில் நேற்றுத் துவைத்துப் போட்ட என் சட்டை தொப்பலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டுகிறது.

"ஏய், ராத்திரியே எடுத்து வைக்க மாட்டியா?" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகும் எனக்கு உறைக்கவில்லை. நீ எழுதியதெல்லாம் தெரிந்தும், அவள்தான் நனைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? பாப்பாவிடம் பேச ஆசைப்படுகிறாள், இன்றைக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன். சமையலறையில் பார்த்தேன். அறையில் பார்த்தேன். பொந்தில் கை விட்டுப் பார்த்தேன், கப் காய்ந்து கிடந்தது. பிறகு வாசல் கதவைத் திறந்தேன்.

மணி இப்போது பத்தாகிறது. மானியை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. இன்றைய கட்டம் காலியாகத்தான் வரும், உன் குடையிடம் சொல்லிவிடு.

தெரு முழுக்க நனைந்திருந்தது பாப்பா. எதிர்வீட்டு மாடி, அதற்கு அப்பால் இருக்கிற கூரைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஈரம். அவ்வளவையும் அவள் ஊற்றியிருக்க முடியாது.

அப்பா